தானாக ஓடும் காருக்கு எவ்வளவு கட்டலாம்

மனே,

சுகமாக இருக்கிறாயா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நீ சுகமாக இல்லை என்பதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். கதைத்துக்கொண்டிருக்கும்போதே உன் பேச்சு பாதியில் நின்றுபோகிறது. அதைப் பார்த்த பிறகு சம்பிரதாயத்துக்கு நலம் விசாரித்தால் அது வெறும் நடிப்பு. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று சொல்லிக்கொண்டு வேறு வேலை பார்ப்பாய். நேரில் வந்து சொல்லலாம் என்றால், நீ இருப்பது உன் பெண்சாதி வீட்டில். நம்முடைய பகுதியில் கலியாணம் முடித்த ஆம்பிளைப் பிள்ளை பெண்வீட்டுக்குப் போய்விடுகிறான், பெற்றவள் அந்த வீட்டுக்கு விருந்தாளி ஆகிவிடுகிறாள். தேத்தண்ணி குடித்து, உன் மாமாவோடு வாவியில் இப்போது என்ன மீன் படுகிறது என்று கதைத்துவிட்டு எழும்பி வரலாம். அவர்கள் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு உன்னை ஏச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். உறையை ஒட்டாமலேயே தங்கச்சியிடம் கொடுத்து அனுப்புகிறேன். மருமகளும் படிக்கட்டும். உன் மாமாவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாகப் படிக்கட்டும். நீ இதை யாருக்கும் தெரியாமல் மடித்து வைத்துவிடக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

போன கிழமை நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. கேள்வி இதுதான்: உன்னுடைய கரண்ட் காரில், ஒரு மாதத்துக்குச் சும்மா பாவித்துப் பார் என்று கொம்பனிக்காரர்கள் திறந்துவிட்டிருக்கிற அந்தத் தானாக ஓட்டுகிற வசதிக்கு, மாதம் முடிந்ததும் எவ்வளவு கட்டலாம்? ஒன்றும் கட்டாவிட்டால் காரோடு வந்த பிரேக் மட்டும் இருக்கும். முன்னால் ஏதும் குறுக்கிட்டால் அது தானாகப் பிடிக்கும். கொஞ்சம் கட்டினால், கோட்டுக்குள்ளே காரை வைத்திருக்கும், முன்னால் போகிற வாகனத்தின் வேகத்துக்கு ஏற்றபடி போகும், ஆனால் கை ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும், இப்போது சும்மா தந்திருப்பது இதுதான். பெரிய தொகையாகக் கட்டினால் கையும் வைக்கத் தேவையில்லை. அந்தப் பெரிய தொகைக்கு என்னுடைய காப்புச் சோடியைக் கேட்டாய். கேட்டது பிழை என்று சொல்ல வரவில்லை. தருகிறேன் என்று முதலில் வாய்விட்டவள் நான்தானே.

கார் வந்த புதிதில் என்னை முன் சீட்டில் ஏற்றி கல்குடாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாய், ஞாபகம் இருக்கும். வளைவில் ஸ்டியரிங் தானாகக் கிறுகியது. ஒரு மாடு குறுக்கே வந்தது, நீ காலை அசைக்கவே இல்லை, கார் நின்றது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். "பாத்தீங்களா அம்மா, இது உங்களப் போல. நான் பாக்காட்டியும் இது பாக்கும்" என்று சொன்னாய். எனக்கு அப்படியொரு நிம்மதி. கிழமையில் இரண்டு மூன்று தரம் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறாய், புணானைக் காட்டில் யானை நிற்கும், லைட் இல்லாத உழவு மெஷின் வரும், இவ்வளவு நாளும் நான் கோயிலுக்கு நேர்த்தி வைத்துக்கொண்டு இருந்தேன். இனி நேர்த்திக்கு விடுமுறை கொடுக்கலாம் போல் இருந்தது. காப்பைக் கழற்றித் தருகிறேன் என்று அன்றைக்குச் சொன்னது அந்தச் சந்தோசத்தில்தான்.

இந்தத் தானாக நடக்கிற சாமான்களில் எனக்கு ஏற்கெனவே ஒரு பட்டறிவு இருந்தது. அதையும் மறந்துபோனேன். உன் அப்பா இருக்கும்போது கிணற்று மோட்டருக்கு ஓட்டோமெட்டிக் சுவிச் ஒன்று பூட்டினார். தண்ணித் தாங்கி நிறைந்தால் நிற்கும், குறைந்தால் ஓடும். அதற்கு முந்தி மோட்டர் ஓடுகிற சத்தத்தை நான் குசினியில் இருந்தே கேட்டுக்கொண்டிருப்பேன். தண்ணி வற்றி மோட்டர் வெறுமனே இழுக்கிற சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். சுவிச் வந்த பிறகு காது அந்தப் பக்கம் போகவே இல்லை. ஒரு கோடையில் கிணறு அடிமண் தெரிய வற்றிப்போக, மோட்டர் பின்னேரம் முழுக்க வெறுங்காற்றை இழுத்து எரிந்தது. நான் வீட்டில்தான் இருந்தேன். சத்தம் கேட்டிருக்கும். கேட்கவில்லை. அப்பா ஏசவில்லை, "சுவிச் இருக்கெண்டு நம்மட காதையும் நிப்பாட்டிட்டம்" என்று சிரித்தார். மோட்டர் எரிந்ததற்குச் சிரிக்கலாம். புது மோட்டர் வாங்கலாம்.

இனி உன்னிச்சைக்குப் போன அன்றைக்கு வருகிறேன். இதை எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் நீ ஒருதரம் இதை என் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். அன்று விடியத்தான் நீ கட்டுநாயக்காவில் இருந்து வந்தாய். முகத்தைக் கழுவிவிட்டு, தங்கச்சிக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்து நின்றாய். காருக்குள் ஏறினால் ஸ்டியரிங்கின் ஒரு பக்கத்தில் மஞ்சள் துணி சுற்றிக் கட்டியிருக்கிறது. நம் ஊரில் எந்த வாகனத்தில்தான் கோயில் துணி கட்டவில்லை? நானும் அம்மன் கோயிலில் கட்டுவித்தாய் என்று நினைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய்.

மாப்பிள்ளை வீட்டில் நல்ல சாப்பாடு. சம்பந்தியம்மா உனக்கு மேலும் மேலும் சோறு போட்டார். வெயில் உச்சியில் நிற்கும்போது திரும்பினோம். வெட்டு முடிந்த காலம், இரண்டு பக்கமும் வயல் வட்டைகள் வெறுமையாகக் கிடந்தன. மெஷினில் வெட்டின பச்சை நெல்லைச் சனங்கள் காப்பெட் போட்ட தார் ரோட்டில் பாதி அளவுக்குப் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். ஓரத்தில் கல்லும் பழைய டயரும் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு அறுவடைக்கும் நாங்கள் பார்க்கிற காட்சிதான். ஓட்டுகிறவன் தானாகவே வேகத்தைக் குறைத்து வலப்பக்கம் ஒதுங்கிப் போவான். நான் தங்கச்சியின் கலியாணச் சேலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தேன். நீ பதில் சொல்லவில்லை, யோசித்துக்கொண்டு வருகிறாய் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். மனே, நான் காலம் முழுக்கப் பாலர் வகுப்புக்குப் படிப்பித்தவள். கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளையின் தலை எப்படி இருக்கும், நித்திரை கொள்கிற பிள்ளையின் தலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உன் இரண்டு கையும் மடியில் கிடந்தது. கார் தன் பாட்டில் போய்க்கொண்டிருந்தது. முன்னால் ஒரு பெண் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, எங்களுக்கு முதுகு காட்டி, பலகையால் நெல்லைக் கிளறிக்கொண்டு நின்றாள்.

நான் கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று தெரியாது. ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்து இழுத்தேன். நீ முழித்துப் பிரேக்கை மிதித்தாய். கார் நெல்லுக்கு மேலே ஏறி இழுபட்டுப்போய் நின்றது. அந்தப் பெண் கையெட்டும் தூரத்தில் பலகையோடு நின்றாள். உன்னுடைய மெஷின் அவளைக் கண்டதா, காணவில்லையா, இன்னும் கொஞ்சம் பொறுத்து நின்றிருக்குமா என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. நெல் பரவிக் கோட்டை மூடியிருந்தால் அதற்கு ரோட் எது, நெல் எது என்று விளங்குமா என்று கொழும்பில் விற்றவனுக்கும் தெரியாது. அவன் ரோட்டில் நெல் காய்வதைக் கண்டிருக்கவே மாட்டான்.

அந்தப் பெண் ஏசுவாள் என்று பார்த்தேன். அவள் கிட்ட வந்து குனிந்து உன்னைத்தான் பார்த்தாள். "என்ன தம்பி, நித்திரையா?" என்று கேட்டாள். "இல்ல அக்கா. சிஸ்டம் பிழைச்சிட்டு" என்றாய் நீ. "நெல்லு கிடக்கட்டும், கூட்டி அள்ளலாம். அம்மா, தம்பிக்கு முகத்தக் கழுவச் சொல்லுங்க" என்று தண்ணிப் போத்தலைத் தந்தாள். அவள் தப்பியதை நினைத்தால் இப்போதும் பயம்தான். ஆனால் அதைவிட அதிகமாக, நீ அவளுக்குச் சொன்ன பொய் என்னைப் பயப்படுத்தியது. அவள் உயிரோடு முன்னால் நிற்கிறாள். நித்திரைதான் அக்கா, மன்னியுங்கோ என்று ஒரு சொல் உன் வாயில் வரவில்லையே.

அவள் திரும்பிப் போனபோதுதான் அந்த மஞ்சள் துணி அவிழ்ந்து தொங்குவதைக் கண்டேன். நான் இழுத்ததில் முடிச்சு விட்டுப்போயிருக்க வேண்டும். உள்ளே இருந்து என் மடியில் கொட்டியது வீச்சு வலையின் ஈயமணிகள். உன் மாமா வலையின் அடியில் கோக்கிற அதே மணிகள். "இது என்ன மனே?" என்றேன். நீ சொன்னாய்: "கை வைக்காட்டி அது கூக்குரல் போடும் அம்மா. பாரம் இருந்தா கை இருக்கெண்டு நினைச்சிக்கும்." அதைத் துணியால் சுற்றினது ஏன் என்று கேட்டேன். "ஏறுற ஆக்கள் கேக்கமாட்டாங்கள்" என்றாய்.

நான் சாமி என்று தொட்டுக் கண்ணில் ஒற்றினது அதைத்தான். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள், பிள்ளை குட்டிகளோடு உன் காரில் ஏறுகிறவர்களும் அப்படித்தானே ஒற்றியிருப்பார்கள். இந்தத் தம்பி பக்தியுள்ளவன், நம்பிப் போகலாம் என்று நினைத்திருப்பார்கள். உன் மாமா வலையில் கொஞ்ச மணியைக் காணவில்லை என்று வீடு முழுக்கத் தேடியதாக மருமகள் சொன்னாள். சம்பந்தி, இதை நீங்கள் படிக்கிறீர்கள் என்றால், உங்கள் மணி என்னிடம் இருக்கிறது. குறைநினைக்காதீர்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் நீ சொன்ன நியாயத்தையும் நான் மறக்கவில்லை. "இதுக்குத்தான் அம்மா முழுசாக் கட்டச் சொல்லுறன். பெரிசக் கட்டினா இந்தக் கள்ளத்தனம் ஒண்டும் தேவையில்ல, அது கையக் கேக்காது." அன்றிலிருந்து அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். தங்கச்சியிடம் அந்தக் கொம்பனிக்காரர்களின் விபரத்தைப் போனில் எடுத்துப் படித்துச் சொல்லச் சொன்னேன். பெரிய தொகைக்கும், சின்னத் தொகைக்கும், சும்மா கொடுக்கிறதுக்கும், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே வசனம்தான் இருக்கிறது. ஓட்டுகிறவர் எந்த நேரமும் விழிப்பாக இருக்க வேண்டும், நடப்பதற்கெல்லாம் ஓட்டுகிறவரே பொறுப்பு. நான் தங்கச்சியைத் திரும்பவும் படிக்கச் சொன்னேன். அது ஓட்டும் என்று காசு வாங்குகிறான், நீதான் ஓட்டினாய் என்று கையெழுத்தும் வாங்குகிறான். அப்படியென்றால் நீ எதை வாங்குகிறாய்? எனக்கு விளங்கினது இவ்வளவுதான். சின்னதாகக் கட்டினால் அது உன்னை அடிக்கடி கேட்கும், இருக்கிறாயா, முழிப்பா என்று. கூடக் கட்டக் கட்ட அது கேட்பது குறையும். ஒருவரும் உன்னைக் கேட்காமல் இருப்பதற்குத்தான் என் காப்பைக் கொண்டுபோய்க் கொடுக்கப் பார்க்கிறாய்.

உன் கேள்விக்கு என் பதில் இனி. பெரிய தொகைக்கு ஒரு சதமும் கட்டாதே. நடுவில் இருப்பதையும் இப்போதைக்கு விடு, ஏனென்றால் ஈயம் கட்டப் பழகின கைக்கு அது ஆகாது. அதே விபரத்தில் கடைசியில் சின்னதாக ஒன்று இருப்பதாகத் தங்கச்சி சொன்னாள். ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு கெமரா பூட்டுவார்களாம், அது ரோட்டைப் பார்க்காமல் உன் கண்ணைப் பார்க்குமாம், இமை சோர்ந்தால் ஊரைக் கூட்டுமாம். எல்லாவற்றிலும் மலிவு அதுதானாம். அதை நீ வேண்டாம் என்று விட்டிருக்கிறாய். கேட்டால், அது கத்தினால் பின்னால் இருக்கிறவர்கள் பயப்படுவார்கள் என்று தங்கச்சிக்குச் சொன்னாயாம். பயப்படட்டும். அவர்கள் பயப்பட வேண்டியதுதான் ஞாயம். அதற்கு எவ்வளவு கேட்டாலும் கட்டு. அதற்கென்றால் காப்பு இப்போதே கையை விட்டு வரும்.

ஆனால் மனே, கெமரா கத்தினால் மட்டும் என்ன? நீ முழிப்பாய், கொஞ்ச தூரம் போவாய், திரும்பவும் சாய்வாய். ஒரு மனிதன் பகலில் கந்தோரில் அலுவலக வேலை செய்து, இரவில் கட்டுநாயக்காவுக்கு ஓடி, விடியத் திரும்பி வந்து திரும்பவும் கந்தோருக்குப் போனால் அவன் கண் என்ன செய்யும்? நீ ஏன் ஓடுகிறாய் என்று எனக்குத் தெரியாதா? நம் வழக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்க வேண்டும். என் தாய் எனக்குத் தந்த வீட்டை நான் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டால் நான் எங்கே இருப்பது என்று நினைத்து, அவளுக்கென்று பக்கத்து வளவில் புது வீடு எழுப்பத் தொடங்கினாய். அம்மா தன்னுடைய வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று உன் கலியாணத்தன்றே எல்லாருக்கும் முன்னால் சொன்னாய். நான் பெருமையில் பூரித்துப்போனேன். அதற்குப் பிறகு நீ களைத்து விழுந்து வந்து நின்ற ஒவ்வொரு முறையும், சாப்பிட்டாயா என்று கேட்டதோடு, கூரைக்கு இன்னும் எவ்வளவு வேண்டும் என்றும் கேட்டேன். படுத்தாயா என்று ஒருநாளும் கேட்கவில்லை.

அதனால் நான் உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். முந்தநாள் பஸ் ஏறி உன்னிச்சைக்குத் தனியப் போனேன். புது வீடு இப்போதைக்கு முடியாது, நான் இருக்கிற வீட்டையே மகளுக்கு எழுதித் தருகிறேன், பழைய வீடுதான், சம்மதமா என்று கேட்டேன். சம்பந்தியம்மா கொஞ்சம் யோசித்தார். "அப்ப நீங்க எங்க இருப்பீங்க?" என்றார். "குசினிக்குப் பக்கத்தில ஒரு அறை இருக்கு. எனக்குக் காணும்" என்றேன். "இவர் வரட்டும். கதைச்சிப்போட்டுச் சொல்லுறம்" என்றார். இன்னும் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. புது வீட்டை நம்பித்தான் சம்மதித்தார்கள் என்றால் இந்தச் சம்பந்தம் முறியலாம். முறிந்தால் அது என் தலையில். திரும்பி வந்து தங்கச்சியிடம் சொன்னபோது அவள் அழுவாள் என்று நினைத்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே "அண்ணன்ட உசிரக் குழைச்சிக் கட்டின வீட்ட எனக்கு வேணா அம்மா" என்றாள். அதற்குப் பிறகு நான்தான் அழுதேன்.

நீ கோவிப்பாய் என்று தெரியும். அந்தக் கோவத்தில் மாதம் முடிய அந்தப் பெரிய தொகையை எங்காவது கடன்பட்டுக் கட்டுவாய் என்றும் பயமாக இருக்கிறது. ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட ஓட்டங்கள் இருக்கின்றன, சொல்லை மாற்ற முடியாது என்று சொல்வாய். உன் அப்பாவின் பிடிவாதம்தானே உனக்கும். உன்னை நிற்பாட்ட எனக்கு ஒரு வழியும் இல்லை. கட்டிப் போடவா முடியும்? உன் பெண்சாதி சொல்லியும் கேட்கவில்லை, மாமா சொல்வதற்குச் சங்கடப்படுகிறார், நானோ கடிதத்தில்தான் சொல்கிறேன். நாளைக்கு யாரோ ஒருவர் என் படலையைத் திறந்துகொண்டு வந்து தயங்கித் தயங்கி நின்றால் நான் என்ன செய்வேன் என்று யோசிக்கிறேன். என்னால் யோசிக்க முடியவில்லை, மனே. அந்த இடத்துக்கு வந்ததும் மூளை நின்றுபோகிறது.

ஆகவே இதுதான் முடிவு. வெள்ளிக்கிழமை பின்னேரம் கட்டுநாயக்காவுக்கு உனக்கு ஓட்டம் இருக்கிறது என்று மருமகள் சொன்னாள். கல்லடிப் பாலத்தைத் தாண்டி டவுன் பக்கம் இறங்குகிற இடத்தில் நான் நிற்பேன். ஒரு பையில் மாற்றுச் சேலையும் முழங்கால் எண்ணெயும் வைத்திருக்கிறேன். நீ நிற்பாட்டினால் முன் சீட்டில் ஏறுவேன். போகும்போதும் வரும்போதும் உன் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அடுத்த ஓட்டத்துக்கும் வருவேன், அதற்கு அடுத்ததுக்கும் வருவேன். பின்னால் இருக்கிறவர்கள் என்ன நினைத்தாலும் சரி. இந்த வயதில் அம்மாவை இப்படி அலைக்கழிக்கலாமா என்று உனக்கு வெட்கமாக இருந்தால், அந்தப் பெண்ணிடம் சொல்லாததை என்னிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படு. நீ நிற்பாட்டாமல் போனால், என்னைக் காணாமல் போனாய் என்று நினைக்க மாட்டேன். நித்திரையாகப் போகிறாய் என்றுதான் நினைப்பேன், பாலத்தடியில் நின்று கத்துவேன்.

அம்மா